கசியாத கை

லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நான் அவனிடம் போய் அத்தனை பேச்சுப் பேசியிருக்க மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவே சொல்லும், முதல் ஆளாக என் அக்கா சொல்லுவாள்.

நாங்கள் என்ன, வேண்டுமென்றா நடுமேட்டில் நின்றோம்? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். நன்றாக ஏறிக்கொண்டிருந்த காருக்குத் திடீரென்று இழுவை போய்விட்டது. அக்கா ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள். எஞ்சின் குலுங்கியது, இருமியது, அப்படியே அடங்கியது. கார் பின்னால் உருளத் தொடங்கியதும் அக்கா ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். நான் பின் சீட்டிலிருந்து குதித்து, கிடைத்த கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். முன் சீட்டில் அத்தான் மட்டும் ஒன்றும் பேசாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்காவின் புருஷன் ஆயுசுக்கும் பஸ் ஓட்டினவர். அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கற்றுக்கொடுத்தார் என்றா சொன்னேன்? கத்திக்கொடுத்தார். "கியரை மாத்துடீ, எஞ்சின் கதறுது, காது கேக்கலையா?" என்று அவர் போடும் சத்தத்தில் எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான். அக்காவும் சளைத்தவள் இல்லை. "நீங்க வாயை மூடினா எஞ்சின் சத்தம் தானா கேக்கும்" என்பாள். அப்படிப்பட்ட மனிதர் இப்போது அக்கா எந்தக் கியரில் போனாலும் கேட்பதில்லை.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். போவதற்கு இருப்பது இந்த ஒரு ரோடு. எங்களிடம் இருப்பது இந்த ஒரு கிழட்டுக் கார்.

கொஞ்ச நேரம் நின்றதும் அக்கா சாவியைத் திருப்பினாள். கார் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உடனே கிளம்பியது. அதுதான் அதன் திமிர். முழுசாகக் கெட்டுப்போனால் இன்ன இடத்தில் கெட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். இது நிற்கும், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓடும், அடுத்த முறை மறுபடியும் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை தள்ளிப்போய்விட்டது. அத்தானை எடை பார்த்த நர்ஸ், "அடுத்த தடவை சீக்கிரம் வந்துடுங்க ஐயா" என்றாள்.

"பாக்கலாம்" என்றார் அத்தான்.

அடுத்த தடவை என்று யார் சொன்னாலும் அந்த நாட்களில் அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான். அக்கா அதைக் கேட்காதது போலப் பையை மடித்துக்கொண்டிருந்தாள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பழரசத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். சூடான ரசத்தைப் பாட்டிலில் நிரப்பி மூடி போடுவார்கள். ஆறினதும் உள்ளே வெற்றிடமாகி மூடி இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பதுதான் அக்காவின் வேலை. திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அந்த அடுக்கையே கழித்துவிடுவாள். முதலாளியே வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டாள். அவள் பார்த்து அனுப்பிய சரக்கு ஒருநாளும் ஒழுகித் திரும்பி வந்ததில்லை. அதனால் அங்கே அவளுக்குக் 'கசியாத கை' என்று பெயர்.

வேலையை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் ஒரு குழாய் சொட்டக்கூடாது, ஒரு டப்பா திறந்திருக்கக்கூடாது. நான் வாய் பிளந்து தூங்கினால்கூடத் தாடையைப் பிடித்து மூடிவிட்டுப் போவாள். மூடாத பாத்திரத்தைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

காரிலும் அவள் கை வைத்திருந்தாள். டேங்க் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் வாடை அத்தானுக்குக் குமட்டும். ஒருநாள் வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, "இந்த நாத்தத்துல இனிமே என்னால வர முடியாது, ஆளை விடுங்க" என்றார். நாற்றத்தைச் சொல்கிறாரா, ஆஸ்பத்திரியைச் சொல்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா மறுநாளே உட்கார்ந்து, பழைய ட்யூபிலிருந்து ரப்பர் வளையம் வெட்டி டேங்க் மூடிக்குப் போட்டாள். வாடை சுத்தமாக நின்றது. அத்தானுக்குச் சொல்ல ஒரு சாக்கு குறைந்தது.

அப்புறம்தான் கார் மேட்டில் நிற்க ஆரம்பித்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எஞ்சினில் காதை வைத்தே வியாதியைச் சொல்லுவார் என்று பெயரெடுத்ததால் எல்லாரும் அவரைக் காதுக்காரர் என்பார்கள். நல்ல மனிதர். கை சுத்தம். அடுத்தவர் பெட்ரோலில் வண்டியை ஓட்டிப் பார்க்க மாட்டார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நம் கண்ணெதிரே டேங்கைத் திறந்து, தன் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். "நாளைக்கு நீ என் பெட்ரோலைத் தின்னேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாதும்மா" என்பார். அப்படி யாரோ ஒருவன் எப்போதோ சொல்லியிருக்கவேண்டும்.

அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தார், பில்டரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கேனிலிருந்து ஊற்றி, நாங்கள் சொன்ன அதே மேட்டில் ஏறி இறங்கி வந்தார். ஒரு தடவைகூடக் கார் அவர் கையில் நிற்கவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. என் காதுல ஒரு குறையும் விழல" என்றார் கடைசியில். கொஞ்சம் தயங்கி, "மேட்டுல கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு ஓட்டுறீங்களோ?" என்றார்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணே, உங்க காதைக் கொண்டுபோய் முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்க அக்கா ஓட்டுறதைப் பத்தி எங்க அத்தான் மட்டும்தான் பேசலாம்" என்றேன்.

அந்த அத்தானோ, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அவ ஒழுங்காத்தான் ஓட்டுறா" என்றார் மெதுவாக. "கடைக்குப் போறா, நிக்கல. இவர் ஓட்டுறார், நிக்கல. நான் ஏறினா மட்டும் நிக்குது. போதும்னு வண்டிக்கே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த மூடிகளை மறுபடியும் திருகிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

அடுத்த முறைக்கு அத்தான் கிளம்பவில்லை. சட்டையைப் போடமாட்டேன் என்று படுத்துவிட்டார். வாடகைக் கார் கூப்பிடலாம் என்றோம். "கண்டவன் வண்டியில வாந்தி எடுத்துட்டுத் திட்டு வாங்கணுமா? போனா என் வண்டியில போறேன். அது நிக்காம ஏறட்டும், வரேன்" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கெஞ்சவில்லை. "அது ஏறினா வருவீங்க இல்ல? வாக்கு மாறக்கூடாது" என்றாள்.

ஒரு முறை விட்டதற்கே அவர் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினார். இன்னொரு முறை தவறக்கூடாது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அந்த மூச்சுச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது.

மறுமுறை வந்த காலையில் அக்கா காதுக்காரரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க. அவரைப் பக்கத்துல வச்சு ஓட்டுங்க. நிக்காம ஏறிடுச்சுன்னா தப்பு என் மேலதான்னு ஒத்துக்கறேன். நின்னுச்சுன்னா உங்க கண்ணால பாருங்க."

அத்தானை இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். கொடுத்த வாக்குக்காக வந்தார், வேறொன்றுக்கும் இல்லை. காதுக்காரர் வழக்கம்போலக் கேனோடு பின்னால் போய் டேங்கைத் திறந்தார்.

"என்னம்மா இது, வாயளவு நிக்குது? ஒரு சொட்டுக்கு இடமில்லையே."

"ஆஸ்பத்திரிக்குப் போற நாள்னா முதல் நாளே நிரப்பிடுவேன். இவரை வச்சுக்கிட்டு வழியில எங்கயும் நிக்கக்கூடாதுண்ணே."

அவர் அரைமனதாகக் கேனைக் கீழே வைத்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகினார். தன் பெட்ரோலை ஊற்றாமல் அடுத்தவர் காரை அவர் ஓட்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. காதுக்காரர் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் அத்தானின் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. மேடு தொடங்கியது. முதல் வளைவு ஏறிவிட்டது. இரண்டாவது வளைவில், சொல்லிவைத்தாற்போல, கார் ஒரு உதறு உதறியது.

காதுக்காரர் மிதித்தார். எஞ்சின் இருமியது. மறுபடியும் மிதித்தார். இழுவை அப்படியே வடிந்துபோய், அதே பாறைக்குப் பக்கத்தில் கார் நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் காதுக்காரர், நம்பமுடியாமல்.

"நான்தான் சொன்னேனே" என்றார் அத்தான். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சுப் பற்றவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்."

"திருப்பினா நான் இந்தப் பள்ளத்துல குதிச்சிடுவேன்" என்றாள் அக்கா. விளையாட்டுக்குச் சொல்கிற குரல் இல்லை.

நான் குதித்து ஓடி ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். கீழே வளைவில் ஒரு பஸ் ஏறிவரும் சத்தம் கேட்டது. என் துப்பட்டாவைக் கழற்றி நடுரோட்டில் நின்று வீசினேன். காதுக்காரர் பானட்டைத் தூக்கி, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ட்யூபைப் பிடுங்கினார்.

"சாவியைத் திருப்பும்மா!"

அக்கா முன்னால் தாவித் திருப்பினாள். ட்யூபிலிருந்து பீய்ச்சி அடிக்கவேண்டிய பெட்ரோல் நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுபோனது.

"பெட்ரோல் வரல! டேங்க் வாயளவு இருக்கு, ஆனா வரல. பம்ப் புதுசு கணக்கா இருக்கு. இது என்ன கண்கட்டு வித்தையா இருக்கு?" என்றார் காதுக்காரர். பஸ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் ஓட்டுநரைப் பார்த்துக் கும்பிட்டேன். திட்டுவதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"டேங்குக்குள்ள குப்பை அடைச்சிருக்கும். ஊதிப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே காதுக்காரர் பின்னால் ஓடி டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, யாரோ தாகத்தில் உறிஞ்சுகிற மாதிரி.

காதுக்காரர் குழம்பி மூடியைப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா காரிலிருந்து இறங்கி நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாழ்நாளெல்லாம் காதைத் தீட்டி அவள் காத்திருந்த சத்தம் அல்லவா அது.

"அடிப்பாவி" என்றாள் தன்னையே. "நான்தான் அடைச்சேன்."

"என்னத்தைம்மா?"

"மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு. ஊசி நுழையற அளவு. ரப்பர் போட்டும் அது வழியா வாடை வந்துச்சு. எந்த மடையன் மூடியில ஓட்டை விட்டான்னு திட்டிக்கிட்டே அன்னிக்கே பசை வச்சு அடைச்சிட்டேன்."

காதுக்காரர் மூடியைத் திருப்பி, ரப்பருக்கு நடுவே நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அது காத்து போற ஓட்டைம்மா! பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். போகலைன்னா டேங்க் பெட்ரோலை விடாது, இழுத்துப் பிடிச்சுக்கும். அதுவும் வாயளவு நிரப்பினா காத்துக்கு இடமே இல்லை, சீக்கிரமே இறுகிடும். கொஞ்சம் நின்னா எங்கயாவது துளி காத்து புகுந்துக்கும், திரும்பக் கிளம்பிடும். கடைக்குப் போறப்ப ஏன் நிக்கலைன்னு இப்பத்தானே தெரியுது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. "நான் ஒவ்வொரு வாட்டியும் பெட்ரோல் ஊத்தறேன்னு திறந்து... நானே காத்தை உள்ள விட்டுட்டுத்தான் ஓட்டிப் பாத்திருக்கேன். ச்சே!"

ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறிந்தார். மூடியை லேசாக வைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். அக்கா ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"நகருங்கண்ணே. அடைச்சவ நான், ஏத்தறதும் நானே ஏத்தறேன்."

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கல்லை உதைத்துத் தள்ளிவிட்டுக் காதுக்காரர் பக்கத்தில் விழுந்தடித்து ஏறினேன். கார் முக்கியது, முனகியது, ஏறியது. மூன்றாவது வளைவு. நான்காவது. கூடவே அந்த வாடையும் வந்தது. ரப்பர் போய்விட்டதல்லவா, கார் முழுக்கப் பெட்ரோல் நாற்றம். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த நாத்தத்துல..." என்று ஆரம்பித்தார்.

"எடுங்க. வாந்தி எடுங்க" என்றாள் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "என் மேலயே எடுங்க. நான் கழுவிக்கறேன். நாத்தமும் இருக்கும், வண்டியும் ஓடும், நீங்களும் வருவீங்க. ஒரு நாத்தத்தை அடைக்கப் போய் உங்களையே கொன்னிருப்பேனே, அது தெரியுதா உங்களுக்கு?"

அத்தான் சன்னல் கண்ணாடியை மெல்ல இறக்கி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார். இரண்டு முறை குமட்டினார். மேட்டின் உச்சியில் கார் சமதளத்தைத் தொட்டபோதுதான் காதுக்காரர் மூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நேராக உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். இயந்திரம் ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் மூச்சு மனித மூச்சானது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கண்ணைத் திறந்து, "எங்க அவ?" என்றார்.

"வண்டிகிட்ட. கொண்டை ஊசியை வச்சு அந்த ஓட்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கா. காதுக்காரர் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாத்துட்டாரு. பசை அசைய மாட்டேங்குது."

அத்தானின் வாயோரம் கோணியது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

"எப்படி அசையும்? யார் வச்ச பசை!" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"ஏய் வாயாடி."

"என்ன அத்தான்?"

"அவகிட்ட சொல்லு. மூணாவது வளைவுல செகண்ட் கியருக்கு மாத்தியிருக்கணும், எஞ்சின் கதறிச்சு. அடுத்த தடவை வரப்ப ஒழுங்கா மாத்தச் சொல்லு."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். கதவுவரை நடந்தேன். அதற்குமேல் நடக்க முடியவில்லை. அந்த நீளமான தாழ்வாரத்தில், நர்ஸுகள் அதட்ட அதட்ட, அக்காவிடம் ஓடினேன்.